பாவித்த சிப்பர் வாங்கும்போது ‘ஆறு அங்குலம்’ என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

அக்கரைப்பற்றில் மரம் தறிக்கும் தொழில் செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் இரண்டு சங்கிலி வாள்கள் இருக்கின்றன. அவரோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். வெட்டிய கொப்புகளை அகற்ற ஒவ்வொரு முறையும் உழவு இயந்திரமும் பெட்டியும் வாடகைக்குப் பிடிப்பதிலேயே வருமானத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. இந்நிலையில், இங்கிலாந்திலிருந்து இறக்கப்பட்ட பாவித்த கொப்பு அரைக்கும் இயந்திரம் ஒன்று, எல்லோரும் ‘சிப்பர்’ என்று சொல்வது, அவருக்கு விலைக்கு வந்திருக்கிறது. ஆறு அங்குலம், தட்டு வகை, டீசல் இஞ்சின், மீற்றரில் 1,400 மணித்தியாலம் என்று விற்பவர் சொல்கிறார். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பிடித்துக்கொள்கிறது என்பதால் தம்பிக்கும் பிடித்துப்போயிற்று. வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்கிறார்.

வாங்கலாம் தம்பி. ஆனால் உங்கள் மனதை இழுத்த அந்த இரண்டு செய்திகளும், அதாவது ஆறு அங்குலம் என்பதும் இஞ்சின் உடனே பிடிக்கிறது என்பதும், இந்த முடிவில் ஓரளவுக்குத்தான் உதவும். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆறு அங்குலம் என்பது அந்த இயந்திரம் விழுங்கக்கூடிய தடியின் தடிப்பு. நம் பகுதியில் ஆறு அங்குலத் தடியை யாராவது அரைத்துத் தூளாக்குவார்களா? மணிக்கட்டளவு தடிப்புக்கு மேற்பட்டது எல்லாம் விறகு. வேம்பு, புளி, மரமுந்திரிகை, சவுக்கு எதுவாக இருந்தாலும் வெதுப்பகக்காரரும் செங்கல் சூளைக்காரரும் காசு கொடுத்து ஏற்றிச் செல்வார்கள். அதற்கும் மேற்பட்ட தடிப்பு மரக்காலைக்குப் போகும். ஆகவே உங்கள் சிப்பருக்குள் போகப்போவது தடியல்ல. இலையும் கிளையும், கிளை பிரியும் கவருமாக விரிந்து நிற்கும் நுனிக் கொப்புகளும், தென்னை மட்டைகளும், வேலி வெட்டியதில் வந்த கிளிசரிடியாவும் பூவரசும்தான் போகப்போகின்றன. இவற்றின் தடிப்பு பெரும்பாலும் மூன்று அங்குலத்தைத் தாண்டாது. ஆனால் ஒரு மாங்கொப்பின் கவர் இரண்டு அடி அகலத்துக்கு விரிந்து நிற்கும். அதை ஒவ்வொன்றாகக் கத்தியால் வெட்டிச் சிறிதாக்கித்தான் உள்ளே தள்ள வேண்டும் என்றால், உழவு இயந்திரத்துக்குக் கொடுத்த காசு அப்படியே ஆட்கூலியாக மாறிப்போகும்.

எனவே நீங்கள் அளக்க வேண்டியது வாயின் அகலத்தை. வெளியே விரிந்து தெரியும் தகரப் புனல் எல்லா இயந்திரங்களிலும் பெரிதாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளே கொப்பை இழுக்கும் உருளைகள் இருக்கும் இடத்தில் திறப்பு எத்தனை அங்குல உயரம், எத்தனை அங்குல அகலம் என்று அளவு நாடாவின் நுனியை ஒரு தடியில் கட்டி உள்ளே விட்டு அளந்து பாருங்கள். ஒரே ஆறு அங்குல வகுப்பிலேயே ஆறுக்கு ஆறு திறப்புள்ளதும் உண்டு, ஆறுக்கு ஒன்பது திறப்புள்ளதும் உண்டு. நமக்கு இரண்டாவதுதான் வேண்டும். அதற்கடுத்தது உருளைகள். இரண்டு உருளைகளும் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோலிக் மோட்டாரில் சுழன்று, ஸ்பிரிங்கின் இழுப்பில் ஒன்றையொன்று நெருங்கி, கவரை நசுக்கிக்கொண்டு உள்ளே இழுக்க வேண்டும். அவற்றின் பற்கள் தேய்ந்து மொட்டையாகியிருந்தால் தென்னை மட்டை வழுக்கிக்கொண்டு வெளியிலேயே நின்று ஆடும். ஆள் அதைக் கையால் தள்ளுவான். விபத்தின் தொடக்கம் அதுதான். பற்களை வெல்டிங் செய்து மீண்டும் கட்டியெழுப்பலாம். அது பெரிய செலவல்ல என்றாலும் விலை பேசும்போது எடுத்துச் சொல்லத் தக்க குறை.

தட்டு வகை, உருளை வகை என்ற வேறுபாட்டைப் பற்றியும் ஒரு சொல். கனமான சுழலும் தட்டின் முகத்தில் கத்திகள் பூட்டப்பட்டிருப்பது தட்டு வகை. நீண்ட பீப்பாய் போன்ற உருளையின் மேல் கத்திகள் இருப்பது உருளை வகை; கொப்பை உள்ளே இழுக்கும் உருளைகள் வேறு, இது வேறு. தட்டு வகை ஒரே அளவான சீவல்களைத் தரும், பராமரிப்பதும் எளிது. உருளை வகை கவரும் குப்பையுமான கொப்புகளை இலகுவாக வாங்கும், ஆனால் கூடுதல் இஞ்சின் வலு கேட்கும். நம் ஊருக்கு இரண்டில் எது என்று கேட்டால், சிறு தொழிலுக்குத் தட்டு வகையே போதும் என்பேன். எதை வாங்கினாலும் தென்னையும் பனையும் உங்களைச் சோதிக்கும். ஓலையின் நார் மற்ற மரத்தைப்போல முறிவதில்லை. கத்தி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் அறுபடாமல் நாடாவாக நீண்டு, உருளையின் அச்சிலும் தட்டின் அச்சிலும் சுற்றிக்கொள்ளும். பச்சை மட்டையைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து கொடுத்தால் வெளியேறும் குழாய் ஈர நாரால் அடைத்துவிடும். மட்டையின் தடித்த அடிப்பக்கத்தை முதலில் கொடுப்பதும், இரண்டு மட்டைக்கு ஒரு வேப்பங்கொப்பு என்று இடையிடையே காய்ந்த தடியைச் சேர்த்துக் கொடுப்பதும் இதற்கான கைவைத்தியம். பனங்கருக்கு மட்டையை நான் சிப்பருக்குக் கொடுப்பதேயில்லை. அது அடுப்புக்கு நல்லது, கத்திக்கு எமன்.

இனி பார்க்கப் போகும் நாள். விற்பவருக்கு நேரம் சொல்லும்போதே, நான் வரும்வரை இஞ்சினை ஓட விடவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் இஞ்சின் உடம்பில் கைவையுங்கள். சூடாக இருந்தால் குளிரில் அது எப்படிப் பிடிக்கிறது என்பதை உங்களிடமிருந்து மறைக்கிறார்கள் என்று பொருள். தேநீர் குடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஆனால் இஞ்சினுக்கு முன்னர் நீங்கள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியது தட்டின் அச்சைத் தாங்கும் பெயாரிங்குகளை. இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய முதல் இயந்திரம் புதுப் பெயின்ற் பூசிப் பளபளவென்று நின்றது. பெயாரிங் கூட்டின் ஓரத்தில் புதிய கிறீஸ் வெண்ணெய் போலப் பிதுங்கி நின்றதைக் கண்டு, நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். மூன்றாம் கிழமை, திருக்கோவில் பக்கம் ஒரு வளவில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஓசை மெல்ல மாறியது. முதலில் ஆட்டுக்கல்லில் அரிசி அரைபடுவது போல ஒரு கரகரப்பு, பிறகு ஒரு கீச்சு. நிறுத்திக் கூட்டைத் தொட்டபோது விரலை வைக்க முடியவில்லை. கழற்றிப் பார்த்தால் குண்டுகள் ஓடும் பாதை முழுவதும் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக உரிந்திருந்தது. அந்தப் புது கிறீஸ் பராமரிப்புக்குப் போட்டதல்ல, ஓசையை மூடப் போட்டது. பெயாரிங் போனதோடு நிற்கவில்லை; அச்சும் தேய்ந்துவிட்டதால் அதைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் நிரப்பிக் கடைய வேண்டியதாயிற்று. சாய்ந்தமருதுப் பட்டறைக் காக்கா அச்சை உருட்டிப் பார்த்துவிட்டு, “பெல்ட்டைக் கழற்றிக் கையால ஒரு சுத்துச் சுத்திப் பார்த்திருந்தா இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் தம்பி” என்றார்.

அதைத்தான் நீங்கள் செய்ய வேண்டும். இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, பற்றரியின் கம்பியையும் கழற்றிவிட்டு, பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றுங்கள். தட்டு மூடியைத் திறந்து, கத்தியில் கை படாமல் தட்டின் வெளிவிளிம்பை ஒரு மரத்துண்டால் தள்ளி மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல பெயாரிங் ஓசையே இல்லாமல், எண்ணெயில் மிதப்பதுபோல ஓடி மெல்ல நிற்கும். விரல் நுனியை அச்சுக்கூட்டில் வைத்தால் மணல் உரசுவது போன்ற அதிர்வு இருக்கக் கூடாது. பிறகு அச்சின் கீழே கடப்பாரையை ஒரு கட்டையில் ஊன்றி மேல்நோக்கி நெம்புங்கள். ‘டொக்’ என்று ஓர் ஆட்டம் தெரிந்தால் பெயாரிங்குக்குக் காலம் முடிந்தது. விற்பவர் பெல்ட்டைக் கழற்ற விடமாட்டேன் என்றால், திரும்பி வந்துவிடுங்கள். பெயாரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் கொள்ளுங்கள். பெயாரிங் எண் பெரும்பாலும் உலகம் முழுவதும் ஒன்றுதான் என்பதால், இயந்திரம் எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் அந்த எண்ணைக் கொண்டு கல்முனையிலோ மட்டக்களப்பிலோ விசாரித்துக் கொள்ளலாம். பெல்ட்டுக்கும் அப்படியே.

மூடி திறந்திருக்கும்போதே கத்திகளையும் பார்த்துவிடுங்கள். கத்தியின் கூர்மை பற்றி விற்பவர் நிறையப் பேசுவார். கூர் போனால் தீட்டலாம், அது பெரிய விடயமல்ல. தீட்டித் தீட்டிக் கத்தியின் அகலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கத்திக்கும் உற்பத்தியாளர் ஒரு கடைசி அளவு குறித்திருப்பார். அதற்குக் கீழே போனால் போல்ட் பிடிக்கும் இடத்தில் இரும்பு போதாமல் கத்தி பறந்துபோகும் அபாயம் உண்டு. போல்டின் தலைகளையும் பாருங்கள். அவை உயர்வலுப் போல்ட்டுகளாக, தலையில் 10.9 அல்லது 12.9 என்று பொறிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். இரும்புக்கடையில் கிடைத்த சாதாரண போல்ட் ஒன்று அங்கே பூட்டப்பட்டிருந்தால், அந்த ஒன்றே முந்தைய உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்பதை உங்களுக்குச் சொல்லிவிடும்.

கத்திக்கு எதிரே அசையாமல் நிற்கும் அடிக்கத்தியைப் பலர் பார்ப்பதேயில்லை. கத்தரிக்கோலுக்கு இரண்டு அலகு வேண்டும் என்பது போலத்தான் இதுவும். சுழலும் கத்திக்கும் அடிக்கத்திக்கும் இடைவெளி பொதுவாக ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றருக்குள் இருக்கும். சரியான அளவு அந்தந்த இயந்திரத்தின் கைநூலில் இருக்கும். இடைவெளி கூடினாலோ, அடிக்கத்தியின் விளிம்பு உருண்டு போயிருந்தாலோ, எவ்வளவு கூரான கத்தி பூட்டினாலும் கொப்பு வெட்டுப்படாமல் கிழிபடும். பெரும்பாலான இயந்திரங்களில் அடிக்கத்தியைத் திருப்பிப் போட்டு மறு விளிம்பைப் பாவிக்கலாம். எல்லா விளிம்பும் முடிந்துவிட்டதா, இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கத்தி தீட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது, ஏனெனில் இந்த இயந்திரம் வாங்கிய பிறகு உங்கள் வாழ்க்கையில் அடிக்கடி வரப்போகும் வேலை அதுதான். கைக்கிரைண்டரால் தீட்டாதீர்கள். இரும்பு நீலநிறமாகும் அளவுக்குச் சூடேறினால் பதம் போய்விடும். பதம் போன கத்தி ஒரு நாளைக்குக்கூட நிற்காது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே, ஒரே கோணத்தில், தட்டையாகத் தீட்டும் இயந்திரம் உள்ள பட்டறையை முதலில் தேடிக்கொள்ளுங்கள். மரக்காலைகளில் இழைப்புக் கத்தி தீட்டுபவர்களிடம் இருக்கும். ஒரு தொகுதியில் உள்ள எல்லாக் கத்திகளையும் ஒரே அளவுக்குத் தீட்ட வேண்டும். ஒன்று மற்றதைவிடப் பாரம் குறைந்தால் தட்டு நடுங்கத் தொடங்கும், நடுக்கம் நேரே பெயாரிங்கைத் தின்னும். நம் கரையோரத்துக்கு இன்னொரு சாபம் மணல். பாண்டிருப்பிலிருந்து பொத்துவில் வரை வீட்டு வளவு என்றால் மணல்தான். வெட்டிய கொப்பை மணலில் தறதறவென்று இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தால், வெட்டுவாயில் ஒட்டிய மணல் அரைநாளில் கத்தியை மழுக்கிவிடும். பழைய படங்குச் சீலை ஒன்றை விரித்து அதன் மேல் கொப்பைக் குவிக்கப் பழகுங்கள்.

மணலைவிட மோசமானது கம்பி. நம் வேலி மரங்களில் முள்கம்பியை ஆணியடித்துக் கட்டி இருபது வருடம் ஆகியிருக்கும். பூவரசு அந்தக் கம்பியை விழுங்கி, மேலே தோல் மூடி, வெளியே ஓர் அடையாளமும் தெரியாமல் நிற்கும். போர் நடந்த பகுதிகளின் மரங்களுக்குள் சன்னமும் இரும்புத் துண்டும் கிடப்பதை மரக்காலைக்காரர்கள் நன்கறிவார்கள். வேலி மரத்தின் கீழ் நான்கடியைச் சிப்பருக்குக் கொடுக்காதீர்கள். அது விறகாகவே போகட்டும். ஏற்கெனவே இரும்பு கடித்த இயந்திரமா என்பதைத் தட்டைப் பார்த்தால் அறியலாம்: கத்தி பூட்டும் இடத்தைச் சுற்றிச் சிறிய பள்ளங்கள், மூடியின் உட்புறத்தில் உளியால் அடித்தது போன்ற தடங்கள், எங்காவது பின்னர் செய்த வெல்டிங். தட்டிலேயே வெல்டிங் கண்டால், அந்த இயந்திரத்தை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

இப்போது இஞ்சின். இங்கிலாந்து இயந்திரங்களில் பெரும்பாலும் குபோட்டா டீசல் இஞ்சின் இருக்கும். வயல்களில் குபோட்டா அறுவடை இயந்திரமும் கை உழவு இயந்திரமும் ஓடுவதால், அந்தப் பெயரைக் கண்டு மிரளாத மெக்கானிக் நம் மாவட்டத்தில் எங்கும் உண்டு. இது உங்களுக்குச் சாதகம். குளிரில் பிடிக்கும்போது சிறிது வெண்புகை வந்து மறைவது இயல்பு. சூடேறிய பின்னும் நீலப்புகை நின்றால் இஞ்சின் ஒயில் எரிகிறது. கொப்பு கொடுக்கும்போது கரும்புகை தொடர்ந்தால் காற்று வடிகட்டியிலோ டீசல் தெளிப்பானிலோ குறை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அதன் மேல் கவிழ்த்து வையுங்கள். மூடி துள்ளிக் குதித்தால் உள்ளே பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. சிப்பர் இஞ்சின்கள் சாவதற்கு வழக்கமான காரணம் வயதல்ல, சூடு. பறக்கும் தூளும் இலைச்சருகும் ரேடியேற்றரின் தகடுகளுக்கிடையில் பாய் போல அப்பிக்கொள்ளும். கைவிளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் நின்று பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் அந்த இஞ்சின் பல நாள் கொதித்திருக்கிறது. இஞ்சின் ஆறிய பிறகுதான் தண்ணீர் மூடியைத் திறந்து, எண்ணெய் மிதக்கிறதா என்றும் பாருங்கள்.

1,400 மணித்தியாலம் என்ற எண்ணை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். மீற்றரை மாற்றுவது ஒரு போல்ட்டும் இரண்டு கம்பியும் சம்பந்தப்பட்ட வேலை. அதைவிட உண்மை பேசுவது புனலின் அடித்தகடு: கொப்பு உரசி உரசி பெயின்ற் போய் வெள்ளி போல மின்னுகிறதா, ஓட்டை விழுந்து ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை விழுந்த தகடுக்கும் 1,400 மணித்தியாலத்துக்கும் பொருத்தம் இல்லை.

ஹைட்ரோலிக் பகுதியில் குழாய்களின் வெடிப்பும் கசிவும் மலிவாகத் தீரும் குறைகள். விலை கூடிய பொருள் ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது: இஞ்சினின் வேகம் குறையும்போது உருளைகளைத் தானாக நிறுத்தி, வேகம் மீண்டதும் தானாக ஓடவிடும் மின்னணுப் பெட்டி. தடித்த தடி ஒன்றைக் கொடுத்து, உருளைகள் நின்று நின்று இழுக்கின்றனவா என்று பாருங்கள். சிலர் அந்தப் பெட்டி பழுதானதும் கம்பியை நேரே இணைத்துவிட்டு விற்கிறார்கள். அப்படிப்பட்ட இயந்திரம் தடித்த கொப்பில் திணறி நின்றுவிடும், பெல்ட் எரியும். புதுப் பெட்டியை வெளிநாட்டிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டியிருக்கும்.

புனலைச் சுற்றி ஒரு சிவப்புக் கம்பி அல்லது சட்டம் இருக்கும். ஆள் தொடையாலோ கையாலோ அதைத் தள்ளியதும் உருளைகள் அந்தக் கணமே நிற்க வேண்டும். ஹைட்ரோலிக் உருளை கொப்பை இழுக்கும் வேகம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ அரை மீற்றர். கொப்பில் மாட்டிய சட்டைக்கையோ, ஏறும் கயிறோ போனால், அந்தக் கம்பியைத் தவிர வேறு காவல் இல்லை. அது வேலையைத் தடுக்கிறது என்று சொல்லிக் கட்டி வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். பின்னோக்கிச் சுழற்றும் நெம்புகோலும், மூடியைத் திறந்தால் இஞ்சினை ஓடவிடாத ஆளியும் வேலை செய்கின்றனவா என்றும் பாருங்கள். இஞ்சினை நிறுத்திய பின்னும் தட்டு நெடுநேரம் தன் பாரத்திலேயே சுழலும்; அது முற்றாக நிற்கும்வரை மூடியைத் தொடக்கூடாது என்பதை உங்கள் மூன்று பேருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாரத்தோடும் நீண்ட கையுறையோடும் யாரும் அதன் பக்கம் நிற்கக் கூடாது. உருளைகளே இல்லாமல், கொப்பை எறிந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பழைய வகை இயந்திரம் ஒன்று மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவு வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வேறொரு வழியையும் நீங்கள் யோசிக்க வேண்டும். உழவு இயந்திரத்தின் பின்னால் சுழலும் வலு அச்சில் (PTO) பூட்டி ஓட்டும் சிப்பர்களும் உண்டு. அவற்றுக்குத் தனி இஞ்சின் இல்லை, ஆகவே இஞ்சின், ரேடியேற்றர், பற்றரி என்ற கவலையும் இல்லை, விலையும் குறைவு. அந்த அச்சு நிமிடத்துக்கு 540 சுற்று சுழல்வது பெரும்பாலான நான்கு சில்லு உழவு இயந்திரங்களில் உள்ள பொது அளவு. நம் ஊரில் மலிந்திருக்கும் மெசி ஃபெர்கசன் 240 போன்ற ஐம்பது குதிரைவலுவை ஒட்டிய இயந்திரம் ஆறு அங்குலச் சிப்பரைச் சிரமமின்றி ஓட்டும். கை உழவு இயந்திரத்தின் வலு இதற்குப் போதாது. எப்படியும் கொப்பு ஏற்ற உழவு இயந்திரத்தை வாடகைக்குப் பிடிக்கிறீர்கள். அதுவே சிப்பரையும் ஓட்டிவிடும். ஒரே இடர், பெரும்போகத்துக்கு உழவு தொடங்கும் காலமும், மாரிக்கு முன் வீட்டின் மேல் சாய்ந்த கொப்பை வெட்டித்தரச் சொல்லி ஆட்கள் உங்களைத் தேடி வரும் காலமும் ஒன்றாக வருகின்றன. அப்போது உழவு இயந்திரக்காரர் உங்களுக்கு வரமாட்டார். சொந்தத்தில் அல்லது உறவில் ஓர் உழவு இயந்திரம் இருந்தால் நான் இந்த வகையையே சிபாரிசு செய்வேன். இல்லையென்றால் தனி இஞ்சின் உள்ளதை வாங்குங்கள்.

இழுத்துச் செல்வதைப் பற்றியும் பாருங்கள். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு உட்பட்ட இழுவைப் பெட்டிக்குத் தனி பிறேக் தேவையில்லை என்பதால், ஆறு அங்குலச் சிப்பர்கள் பலவற்றை அந்த எடைக்குள் அடங்கும்படி செய்கிறார்கள். ஆகவே அதற்குப் பிறேக் இருக்காது, சட்டமும் மெல்லியது. உப்புக் காற்றில் நின்ற சட்டத்தின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். அதன் முன்னால் இருப்பது உருண்டைக் கொளுவி. உழவு இயந்திரத்தில் இருப்பது ஊசியும் வளையமும். மாற்றிப் பொருத்துவது நல்ல வெல்டருக்கு அரைநாள் வேலைதான், ஆனால் அந்த ஒட்டில்தான் முக்கால் தொன் எடை வீதியில் தொங்கப்போகிறது. சுங்கத்தில் வரி கட்டிய பத்திரங்களின் மூலப்பிரதி, இஞ்சின் இலக்கம், சட்டத்தின் இலக்கம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்து, வீதியில் இழுப்பதற்குப் பதிவு தொடர்பாக என்ன செய்ய வேண்டும் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டே முற்பணம் கொடுங்கள்.

பரீட்சைக்கு உங்கள் கொப்பையே கொண்டு போங்கள். விற்பவர் தயாராக வைத்திருக்கும் பச்சைக் கிளிசரிடியாத் தடிகளை எந்த இயந்திரமும் வெண்ணெய் போல வெட்டும். ஒரு சிறு லொறியில் காய்ந்த வேப்பங்கொப்பு, கவர் விரிந்த மாங்கொப்பு, பத்துப் பச்சைத் தென்னை மட்டை ஆகியவற்றைப் போட்டுக்கொண்டு போய், அரைமணித்தியாலம் விடாமல் கொடுங்கள். வெளியே வந்ததில் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். நாணயம் போல ஓரம் நேராக அறுபட்ட சீவல்கள் வந்தால் கத்தியும் அடிக்கத்தியும் ஒத்துப் போகின்றன. தும்பும் தூளும் கிழிந்த நாருமாக வந்தால் ஒத்துப் போகவில்லை. முடிந்ததும் பெயாரிங் கூடுகளைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை எடுக்க வைக்கும் சூடு ஆகாது.

விலை பேசும்போது, வாங்கிய உடன் மாற்ற வேண்டிய பொருட்களின் செலவை, அதாவது ஒரு தொகுதிக் கத்தி, அடிக்கத்தி, பெல்ட், இரண்டு பெயாரிங், எல்லா ஒயிலும் வடிகட்டியும், முன்கூட்டியே கடைகளில் கேட்டு எழுதிக் கொண்டு போங்கள். அந்தத் தொகையைக் கேட்ட விலையோடு கூட்டிய பிறகு வருவதே உங்கள் உண்மையான விலை. மேலதிகக் கத்தித் தொகுதி ஒன்று கட்டாயம் வேண்டும்; ஒன்று பட்டறையில் இருக்கும்போது மற்றது ஓட வேண்டும். டீசல் மணித்தியாலத்துக்கு மூன்று முதல் ஐந்து லீற்றர் என்று கணக்கில் எடுங்கள். மறுபக்கத்தில், கொப்பாக ஐந்து பெட்டி ஏற்றியது சீவலாக ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். மாதத்தில் எத்தனை பெட்டி வாடகை மிச்சப்படுகிறது என்று உங்கள் சென்ற வருடக் கொப்பியைப் பார்த்தே கணக்கிடுங்கள். மாதத்தில் ஐந்தாறு நாள் மட்டுமே வேலை உள்ளவருக்கு இந்த முதலீடு சுமையாகத்தான் முடியும்.

சீவலை வளவுக்காரரே மரத்தடிக்குக் கேட்பார்கள், கொடுங்கள். தென்னைச் சீவலை மட்டும் ஓரிடத்தில் குவித்து விடாதீர்கள். உக்கும் தென்னங்குவியலில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் புழு வளர்க்கும். பிறகு அது அயல் வளவுத் தென்னைகளின் குருத்தைத் துளைக்கும், பழி உங்கள் மேல் வரும். மெல்லிய படையாகப் பரப்பிவிட்டால் போதும். அலரிக் கொப்பு கலந்த சீவல் ஆட்டுக் கொட்டில் பக்கம் போகக் கூடாது, அது நஞ்சு.

இயந்திரம் வந்த பிறகு பெரிய வேலைகளும் வரும் என்பதால் இதையும் சேர்த்துக் கொள்கிறேன். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். சொந்த வளவில் நிற்கும் மரம் என்று வளவுக்காரர் சொன்னாலும் பிரதேச செயலகத்தின் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் வாளை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கொப்பாக இருந்தபோது மரத்தின் இனத்தைப் பார்த்துச் சொல்லலாம். அரைத்துச் சீவலான பின் அது என்ன மரம் என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

பார்க்கப் போகும்போது உங்களோடு அறுவடை இயந்திரம் திருத்தும் மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். வாயின் உள் அளவு, பெயாரிங் எண், கத்தியின் தற்போதைய அகலம் ஆகிய மூன்றையும் எழுதி அனுப்பினால், விலை நியாயமா என்று பார்த்துச் சொல்கிறேன்.